ஏற்புக் கோட்பாடும் ‘ராதிகா சாந்த்வன’மும்

ஐரோப்பியத் திறனாய்வில் வாசகர் தனி ஆய்வுப்பொருளானது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே எனலாம். ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் 1967இல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை, இலக்கிய வரலாற்றை வாசகரின் ‘எதிர்பார்ப்பு எல்லை’யிலிருந்து எழுத வேண்டுமென்றது. அவர் காட்டும் சான்றுகளுள் வலிமையானது, ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’ மீது 1857இல் நடந்த வழக்கு. பாத்திரத்தின் எண்ணத்தை மேற்கோள் குறியின்றி ஆசிரியர் கூற்றோடு கலந்து தரும் நடை அன்றைய வாசகர்க்குப் பழக்கமற்றது. ஆகவே அரசு வழக்குரைஞர் எம்மாவின் எண்ணத்தை ஆசிரியரின் கருத்தாகவே கொண்டார். ஒரு தொடரமைப்பு நீதிமன்றம் ஏறியது மொழியியலார்க்குச் சுவையான செய்தி.

ஆனால் யாவ்ஸின் வாசகர் முன் இருப்பது முழுமையான பனுவல். தென்னிந்தியச் சூழலில் அவ்வாறு கொள்ள இயலவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டியர் அவையில் வாழ்ந்த முத்துப்பழனி (பெயர் தமிழ், காவியம் தெலுங்கு) இயற்றிய ‘ராதிகா சாந்த்வனம்’ 1887இல் அச்சேறியபோது, தம் குலத்துப் பெண்டிரை அவர் போற்றும் அவதாரிகையும் சில பாடல்களும் நீக்கப்பட்டிருந்தன. சுவடியைத் தேடிப் பெற்று 1910இல் முழுநூலையும் பதிப்பித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். கந்துகூரி வீரேசலிங்கம் அதனைப் பெண் எழுதத்தகாத நூல் என்று கண்டித்தார். அவரே இசைந்து பதிப்பித்த ‘வைஜயந்தி விலாச’த்தின் சிருங்காரத்தைச் சுட்டி, நாணம் பெண்ணுக்கு மட்டுமோ என்று நாகரத்தினம்மாள் வினவினார். 1911இல் நூல் தடைசெய்யப்பட்டது.

இங்கு எதிர்பார்ப்பைக் குலைத்தது நடையன்று. அத்தகைய சிருங்காரம் தெலுங்குப் பிரபந்தங்களில் மலிந்ததே. எழுதியவர் பெண் என்பதே சிக்கல். ‘ஆசிரியரின் மரணம்’ வாசகரைப் பிறப்பிக்கும் என்ற பார்த்தின் கூற்று இவ்விடத்தில் பொருந்துவது கடினம். அவதாரிகையை வெட்டிய பதிப்பு ஆசிரியரை முன்னரே மறைத்துவிட்டது. அதனால் விளைந்தது வாசக விடுதலையன்று.

ஹைதராபாத்தில் பணியாற்றிய சூசி தாரு, கே. லலிதா ஆகியோர் தொகுத்த இந்தியப் பெண் எழுத்துத் தொகுதி (1991) இந்நூலின் பகுதிகளை ஆங்கிலத்தில் தந்தது. முன்னர்க் குற்றமாகத் தோன்றிய பெண்குரலே அத்தொகுதியின் வாசகர்க்கு நூலைப் படிக்கும் காரணமாயிற்று. யாவ்ஸின் எல்லை மாற்றம் இதுவே. ஆயினும் நாகரத்தினம்மாளின் பதிப்பு இன்றேல் அம்மாற்றத்துக்கு இடமில்லை. தமிழில் இதனைப் பெயர்க்க முனைவோர், எப்பதிப்பின் வாசகர்க்காக என்பதையே முதலில் முடிவு செய்தல் வேண்டும்.