நாவலும் நண்பர் அவையும்

செய்யுள் தொன்றுதொட்டு அவையை நோக்கியே வளர்ந்து வந்தது. பாடுவோன் ஒருவன், அவனைச் சூழ்ந்திருந்து கேட்போர் பலர். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் மடங்களிலும் நிகழும் கந்தபுராண படனத்திலே ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, கூடியிருப்போர் ஒருங்கே உருகுவர். அங்கே ஒருவனது உணர்ச்சிக்குப் பக்கத்தில் இருப்பவனின் முகமே சான்று. நாவலோ அச்சியந்திரத்தோடு வந்த இலக்கிய வகை. அதனைப் படிப்பவன் தனியே படிக்கின்றான்; தனியே நகைக்கின்றான்; தனியே கண் கலங்குகின்றான். தன் கலக்கம் கதையின் தன்மையால் எழுந்ததோ, அன்றித் தன் வாழ்வின் நினைவொன்று அக்கணத்தில் கிளர்ந்தமையால் எழுந்ததோ என்பதை அறிந்துகொள்ள அவனுக்கு வழியில்லை. நல்ல நாவலொன்றைப் படித்து முடித்தவன் அதே நூலைப் படித்த வேறொருவரைத் தேடிச் செல்வதற்குக் காரணம் இதுவே. அவன் தேடுவது பேச்சுத் துணை மட்டுமன்று. தன் உணர்ச்சியை உரைத்துப் பார்ப்பதற்கு ஓர் உரைகல்.

ஆயின் நாவலைப் பற்றிக் கூடிப் பேசுதல் செய்யுளைப் பற்றிக் கூடிப் பேசுதல் போல எளிதன்று. இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் வட்டத்தொட்டியிலே கம்பன் பாடலொன்றை எடுத்துக்கொண்டால், அப்பாடல் முழுவதும் அவையினர் அனைவர் செவியிலும் அக்கணமே நின்றது. மீண்டும் மீண்டும் சொல்லிப் பார்க்கலாம். ஒரு சொல்லின் மேல் அரை நாழிகை தங்கலாம். நாவலின் முந்நூறு பக்கங்களை அவ்வாறு அவையின் நடுவே வைத்தல் இயலாது. அங்கே வருவது நூல் அன்று. நூலைப் பற்றிய நினைவு. அந்நினைவும் ஆளுக்கு ஒன்று. ஐவர் கூடிய இடத்தில் ஒரு நாவல் ஐந்து நாவலாகி நிற்கும். இதனை ஒரு குறையாகக் கருதுவோர் உளர். உண்மையில் நாவல் உரையாடலின் பயன் முழுவதும் இவ்வேறுபாட்டிலேயே அடங்கியிருக்கின்றது.

இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளத் தக்கது, பி. ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’. 1893 முதல் 1895 வரை ‘விவேகசிந்தாமணி’ப் பத்திரிகையிலே தொடர்ந்து வெளிவந்து, 1896இல் நூலுருப் பெற்றது இது. தொடங்கியபோது ஆசிரியருக்கு வயது இருபத்தொன்று. 1898இல் அவர் மறைந்தபோது இருபத்தாறு. ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்பது இந்நூலுக்கு அவர் இட்ட மற்றொரு பெயர். இப்பெயரை வாசகர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். ஆயினும் நூலின் திறவுகோல் அதுவே.

மதுரைச் சீமையைச் சேர்ந்த சிறுகுளம் என்னும் கிராமத்திலே முத்துஸ்வாமி ஐயரும் கமலாம்பாளும் செல்வத்தோடும் மதிப்போடும் வாழ்கின்றனர். பின்னர் அவர்களுடைய மகன் நடராஜன் காணாமற் போகின்றான், பொருள் அழிகின்றது, கமலாம்பாளின் கற்பின்மேல் ஊரார் பழி தூற்றுகின்றனர். அப்பழி கணவர் செவியிலும் புகுந்து அவரை ஐயத்தில் ஆழ்த்துகின்றது. வாழ்வை வெறுத்து உயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிந்தவர் ஒரு ஞானியின் அருளால் மீட்கப்படுகின்றார். இறுதியில் பிரிந்தோர் கூடுகின்றனர்.

இக்கதையைப் படித்தோர் சிலர் கூடினால் முதலில் எழும் சொல் ‘சோகம்’ என்பதே. அவ்வொரு சொல்லோடு நின்றுவிட்டால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நிலைக்களன் நான்கு வகுத்தார்: பிறரால் இகழப்படும் இளிவு, உரியவற்றைப் பறிகொடுக்கும் இழவு, முன்னைய நன்னிலையிலிருந்து தாழும் அசைவு, வறுமை. செய்யுளுக்கு வகுத்த இவ்விலக்கணம் நாவலுக்கும் உதவுகின்றது. கமலாம்பாள் குடும்பத்தின்மேல் இந்நான்கும் வந்து விழுகின்றன. அவற்றுள் எது வாசகனை அழச்செய்தது என்று அவையிலே ஒருவர் வினவுவாராயின், பெரும்பாலோர் மகனின் இழவையே சுட்டுவர். குழந்தையைப் பறிகொடுத்த தாயின் துயரம் எவர் நெஞ்சையும் உருக்கும். அதற்கு ஆசிரியரின் திறன் மிகுதியும் வேண்டுவதில்லை. ஆனால் நூலின் மற்றொரு பெயர் கூறுவது இழவை அன்று, இளிவை. அபவாதமே ராஜமையர் எடுத்துக்கொண்ட பொருள். தன் கண்ணீர் நூலின் நடுவிலிருந்து எழவில்லை, அதன் ஓரத்திலிருந்தே எழுந்தது என்பதை வாசகன் உணர்வது இங்கேதான். தனியே இருந்து படித்தவன் இதனை எளிதில் உணரான்.

இவ்வுணர்வோடு நூலின் முற்பகுதிக்கு மீள்பவர்க்கு அது வேறொரு நூலாகத் தோன்றும். ஊர்ப் பெண்கள் கூடிப் பிறர் குடும்பச் செய்திகளை அலசும் கூட்டத்துக்கு ஆசிரியர் ‘வம்பர் மகாசபை’ என்று பெயர் சூட்டுகின்றார். தமிழ் உரைநடையில் நகைச்சுவை இத்துணை இயல்பாக அமைந்த இடங்கள் மிகச் சிலவே. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ்ப் பண்டிதர் வரும் இடங்களையும் அவற்றோடு சேர்க்கலாம். தமிழாசிரியர் எவரும் அப்பகுதிகளைத் தம் மாணவர் முன்னிலையிற் படிக்கச் சிறிது தயங்குவர்! வம்பர் மகாசபையின் பேச்சைக் கேட்டு வாசகன் வாய்விட்டு நகைக்கின்றான். அதே ஊர்ப் பேச்சுத்தான் பிற்பகுதியிலே அபவாதமாகத் திரண்டு ஒரு குடும்பத்தைச் சிதைக்கின்றது. நகைக்கு நிலைக்களனாக இருந்தது எதுவோ, அதுவே அழுகைக்கும் நிலைக்களனாகின்றது. முன்னே நகைத்த வாசகன் தானும் அச்சபையில் ஒரு மூலையில் அமர்ந்திருந்தவனே என்பதைப் பின்னரே அறிகின்றான். நூலின் மிக நுண்ணிய உணர்ச்சி இதுவாகும். முற்பகுதி யதார்த்தம், பிற்பகுதி வேதாந்தம் என நூலை இரு கூறாகப் பிளந்து ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றை ஒதுக்கும் விமரிசகர் இத்தொடர்பைக் காணத் தவறுகின்றனர்.

வம்பர் மகாசபை நாவல் பேசுவோர்க்கும் ஓர் எச்சரிக்கையாக நிற்கின்றது. கதைமாந்தரைப் பற்றிப் பேசுவது அயல்வீட்டாரைப் பற்றிப் பேசுவது போல மிக விரைவில் மாறிவிடும். ‘முத்துஸ்வாமி ஐயர் இவ்வளவு பேதையா?’ என்று ஒருவர் தொடங்க, ‘என்னுடைய மாமனாரும் இப்படித்தான்’ என்று மற்றொருவர் தொடர, நூல் மடியிலிருந்து நழுவி விழுந்துவிடும். இவ்வகைப் பேச்சு முற்றும் விலக்கத்தக்கதன்று. தன் மாமனாரை நினையாத வாசகன் நாவலின் உயிரை அறியமாட்டான். ஆயினும் மாமனாரிடம் சென்றவர் திரும்பிப் பக்கத்துக்கு வரவேண்டும். ஐயம் அவர் உள்ளத்தில் எவ்வாறு புகுந்தது, எத்தனை இழப்புகளால் தளர்ந்திருந்த உள்ளத்தில் அது புகுந்தது, ஆசிரியர் அத்தளர்ச்சியை முன்கூட்டியே காட்டினாரா என்ற வினாக்களுக்கு விடை நூலில் உண்டு, மாமனாரிடம் இல்லை.

கருத்து வேறுபாடு முற்றுவது நூலின் முடிவைப் பற்றியே. ஞானியின் உபதேசத்தால் முத்துஸ்வாமி ஐயர் துன்பத்தைக் கடக்கின்றார். ராஜமையர் தாமும் வேதாந்த நாட்டத்தில் ஆழ்ந்தவர். 1896 முதல் தம் மறைவு வரை ‘பிரபுத்த பாரத’ பத்திரிகையின் ஆசிரியராக விளங்கியவர். ஆகவே இம்முடிவு அவருக்கு ஒட்டுப்போட்ட முடிவன்று. அவர் வாழ்வின் தேட்டமே அது. ஆனால் துன்பம் மாயை எனின், அத்துன்பத்துக்காக வாசகன் வடித்த கண்ணீரும் மாயைதானோ என்று ஒருவர் கேட்பார். துன்பத்தை முற்றும் பட்டவனுக்கே அதனைக் கடக்கும் உரிமை உண்டு. முத்துஸ்வாமி ஐயர் பட்டார் என்று மற்றொருவர் விடையிறுப்பார். இரண்டாமவர் கூற்றே வலியுடையது. மரணத்தின் விளிம்புவரை அவர் உள்ளம் படும் பாட்டை ஆசிரியர் படிப்படியாகக் காட்டியுள்ளார். ஆதலின் அவர் பெறும் அமைதி இரவலாகத் தோன்றுவதில்லை.

இவ்விடத்தில் அவையிலுள்ள பெண்ணொருத்தி வாய்திறப்பாளாயின் வாதம் வேறு திசையிற் செல்லும். பழி சுமத்தப்பட்டவள் கமலாம்பாள். இளிவு அவளுடையது. ஐயுற்றதனால் வருந்தியவர் கணவர். ஐயுறப்பட்டதனால் வருந்தியவள் அவள். அவளது துயரத்தை ஆசிரியர் காட்டாமல் இல்லை; அன்போடும் மதிப்போடும் காட்டுகின்றார். எனினும் கணவரின் உள்ளப் போராட்டத்துக்குக் கிடைத்த விரிவு அவளுடைய உள்ளத்துக்குக் கிடைக்கவில்லை. மெய்ப்பாடு எட்டனுள் வெகுளியும் ஒன்று. தன்னை நம்பாத கணவர்மேல் கமலாம்பாள் வெகுண்டாள் என்று சொல்லத்தக்க இடத்தை நூலிற் காண்பது அரிது. கண்ணகியும் கோவலன்மேல் வெகுளவில்லையே எனலாம். ஆனால் அவள் வெகுளி அரசன்மேற் பாய்ந்து அதே மதுரையை எரித்தது. கோவலனுக்கும் அவன் ஒழுக்கம் தகாதது என்பதை அவள் ஒருமுறை சொல்லிவிட்டாள். கமலாம்பாள் சொல்லவில்லை. அவள் மௌனம் பொறுமையின் பெருமிதமா, அன்றி 1890களில் ஓர் இளைஞரின் எழுதுகோல் எட்டமுடியாத இடமா? நூலை எத்துணை முறை புரட்டினாலும் இதற்கு முடிந்த விடை கிடைப்பதில்லை. படித்தவரெல்லாம் பிரிந்து செல்லும்போதும் பேசிக்கொண்டே செல்வதற்கு இவ்வினா ஒன்றே போதும்.

இவ்வினாவோடு அடுத்துப் படிப்பதற்குரிய நூல் யாழ்ப்பாணத்திலேயே பிறந்தது. 1914இல் மங்களநாயகம் தம்பையா எழுதிய ‘நொறுங்குண்ட இருதயம்’ இல்லறத்தில் இடருற்ற பெண்ணின் துயரத்தையே தன் பொருளாக எடுத்துக்கொண்டது. கலைத்திறத்தில் அது ராஜமையரின் நூலுக்கு நிகராகாது. அறவுரை சில இடங்களில் கதையை மறைக்கின்றது. ஆயினும் ஒருத்தியின் துயரத்தை மற்றொருத்தி எழுதியபோது எவை புதிதாகச் சொல்லப்பட்டன, எவை அப்போதும் சொல்லப்படாமல் நின்றன என்பதை இரு நூல்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் அவையே கூறமுடியும்.