கடைசி 16 சதவீதம்

எவரெட் ரோஜர்ஸின் ‘டிஃப்யூஷன் ஆஃப் இன்னொவேஷன்ஸ்’ 1962-ல் வந்தது. ஒரு புதுமை சமூகத்துக்குள் எப்படிப் பரவுகிறது என்று பேசும் நூல். அதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது பெரு நாட்டின் லாஸ் மொலினோஸ் கிராமம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிங்க என்று ஒரு சுகாதாரப் பணியாளர் இரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கினார். சுமார் 200 குடும்பங்களில் மாறியது 11தான்.

அறியாமைன்னு சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ரோஜர்ஸ் போகவில்லை. அந்த ஊர் வழக்கில் கொதிக்க வைத்த தண்ணீர் நோயாளிக்குரியது. நல்லா இருக்கிறவர் எதற்காக அதைக் குடிக்க வேண்டும்? மறுப்புக்குள் ஒரு நியாயம் இருந்ததை அவர் காட்டுகிறார்.

அதே நூல்தான் கடைசியில் வருபவர்களைப் ‘பின்தங்கியவர்கள்’ என்கிறது. ஏற்றுக்கொண்ட நேரத்தை மட்டும் வைத்து ஐந்து பிரிவு. கடைசி 16 சதவீதத்துக்கு இந்தப் பெயர். புதுமை நல்லதோ கெட்டதோ, கணக்குப்படி யாராவது அதில் விழுந்தே ஆகவேண்டும். தாமதம் என்பது அளவு. பின்தங்கல் என்பது தீர்ப்பு.

புதியதெல்லாம் நல்லது என்ற சாய்வு தன் துறையில் இருப்பதை ரோஜர்ஸே பின்னாளில் விமர்சித்தார். அயோவா விவசாயியான அவருடைய அப்பாவும் கலப்பின மக்காச்சோள விதையை வேண்டாமென்றவர். 1936 வறட்சியில் தன் பயிர் வாடிய பிறகே மாறினார். இத்தனை தெரிந்தும் 2003-ல் வந்த ஐந்தாம் பதிப்புவரை அந்தப் பெயர் நீடித்தது. நூலின் பெரிய குறை இதுதான்.

மென்பொருள் வேலையில், புதிய பதிப்புக்கு மாறாதவர்களை நானும் இப்படிப் பட்டியல் போட்டிருக்கிறேன். ஏன் மாறலைன்னு ஒருத்தரிடமும் கேட்டதில்லை.