பறையைக் கலையாக்குவது எது?

கலைப்படைப்பு என்பது யாது என்னும் வினாவை மேலைநாட்டு மெய்யியலாருக்கே உரியதென ஒதுக்கிவிட இயலாது. மதுரை வட்டாரத்தில் மேளத்தோடு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்ட வாடிப்பட்டியில் அவ்வினா தெருவிலேயே எழுந்து நிற்கிறது. இழவு வீட்டின் முன் ஒலிக்கும் பறைக்குத் 'தொழில்' என்று பெயர். விழா மேடையில் ஒலித்தால் 'கலை' என்று பெயர். தோலும் அதுவே, கையும் அதுவே. எனில் பெயரை மாற்றியது எது?

இதற்கு விடை கூறுவதுபோல் அமைந்த கொள்கை ஒன்று உண்டு. 1964இல் நியூயார்க்கில் ஆண்டி வார்ஹோல் என்பார், பாத்திரம் துலக்கும் பிரில்லோ பஞ்சுகளை அடைத்து விற்கும் பெட்டிகளைப் போன்றே மரப்பெட்டிகள் செய்து காட்சிக்கு வைத்தார். கடைப் பெட்டிக்கும் காட்சிப் பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் காட்டித்தராது என்றும், கலை வரலாறும் கலைக் கொள்கையும் சூழ்ந்த 'கலையுலகமே' அதனைக் காட்டுகிறது என்றும் ஆர்தர் டான்ட்டோ அவ்வாண்டிலேயே எழுதினார். பின்னர் ஜார்ஜ் டிக்கி, கலையுலகின் சார்பில் ஒருவர் தகுதி வழங்கும்போதே ஒரு பொருள் கலைப்படைப்பாகிறது எனக் கூறினார்.

பறையின் வரலாறு இக்கொள்கைக்குச் சான்றுபோல் தோன்றும். 1990இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையை மேடைக்குக் கொண்டுவந்தனர். 2025இல் வாடிப்பட்டி வட்டத்து அலங்காநல்லூரின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அங்ஙனமாயின், மேடையும் அரசும் தகுதி வழங்கிய நாளில்தான் பறை கலையாயிற்றா?

ஆயிற்று எனக் கூறுவதற்கில்லை. தகுதி வழங்குவோர் ஏதேனும் காரணம் பற்றியே வழங்குவர். அக்காரணம் தகுதிக்கு முற்பட்டதாதல் வேண்டும். வைக்கோல் தீயில் தோலை எவ்வளவு காய்ச்சினால் ஒலி திறக்கும் என்னும் அறிவு, தடித்த குச்சியும் மெல்லிய குச்சியும் ஒன்றோடொன்று பேசும் ஒழுங்கு, சாவுக்கும் திருமணத்துக்கும் சாமிக்கும் வெவ்வேறாக அமைந்த அடிகள், அவற்றைக் கேட்டுக் கேட்டே பயின்ற ஆண்டுகள் ஆகிய யாவும் மேடைக்கு முன்பே இருந்தன. மேடை அவற்றைப் படைக்கவில்லை, காலந்தாழ்த்துக் கண்டுகொண்டது. மேலும், நெடுங்காலம் கதவை அடைத்து வைத்தோரிடமே 'எது கலை' என்று தீர்ப்பளிக்கும் உரிமையை இக்கொள்கை ஒப்படைத்துவிடுகிறது. இஃது அதன் பெருங்குறை.

பயன்பாடு உள்ளது கலையாகாது என்பது மற்றொரு வாதம். அழகைப் பற்றிய தூய தீர்ப்பு விருப்பு கலவாதது என்று கான்ட் 1790இல் எழுதியதைப் பின்வந்தோர் பலர் இவ்வாறு நீட்டினர். இவ்வளவுகோலின்படி, பிணத்தை வழியனுப்பும் பறை கலையன்று. ஆனால் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் வழிபாட்டுக்குப் பயன்படவே எழுந்தவை; அதனால் அவை இசையல்ல என்று நம்மில் எவரும் சொல்லத் துணியார். காட்சிக்கூடத்தில் நின்று நோக்குவது கலையின் பல பயன்களுள் ஒன்று மட்டுமே என்று நிக்கோலஸ் வோல்ட்டர்ஸ்டார்ஃப் 1980இல் வெளியிட்ட நூலில் நிறுவியிருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

எனினும் இவற்றினும் கடினமான தடை ஒன்று எஞ்சுகிறது. பறை என்றும் கலையாகவே இருந்தது என்போமாயின், அடிமைத்தனத்துக்குப் பொன்முலாம் பூசுகிறோம் அல்லவா? பிறர் வீட்டு இழவுக்கு இனி அடிப்பதில்லை எனத் தலித் மக்கள் பல ஊர்களில் பறையைக் கீழே வைத்தனர். அவர்கள் செய்தது முற்றிலும் நியாயம். அதனாலேயே இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காணவேண்டும். கலை அடியில் இருக்கிறது. அடிமைத்தனம் அழைப்பில் இருக்கிறது. மறுக்கவொண்ணாத கட்டளை, ஒதுங்கி நிற்கும் இடம், இழிவோடு எறியப்படும் கூலி ஆகியவை தாளத்தின் இயல்புகள் அல்ல. பறையைக் கீழே வைத்தவர், 'இது இசையன்று' எனச் சாட்சி கூறவில்லை; 'நான் அடிமையல்லன்' என்றே கூறினார். தானே விரும்பி அதனை மீண்டும் எடுப்பவரும் அதையேதான் கூறுகிறார். ஆகவே மேடை தரக்கூடியது கலைத்தகுதி அன்று. இசைக்கவும் மறுக்கவும் கலைஞனுக்குள்ள உரிமையை ஒப்புக்கொள்வதே. பறை பற்றி ஜோ ஷெரினியன் 2011இல் எடுத்த ஆவணப்படத்துக்கு 'இது ஓர் இசை' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெயரிட்டார். 'இசையாயிற்று' என்று அவர் சொல்லவில்லை என்பது கருதத்தக்கது.

இவ்வினா நம் ஆலய வாசலையும் தட்டுகிறது. செங்கடலைக் கடந்தபின் மிரியாம் கையில் எடுத்தது 'தோப்' என்று எபிரெயம் கூறும்; வட்டச் சட்டத்தில் தோல் போர்த்திய கைப்பறை அது. நம் பழைய மொழிபெயர்ப்பு அதனைத் 'தம்புரு' என்றது. நம் செவியோ அதைக் கேட்டவுடன் நரம்புக் கருவியை நினைத்துக்கொள்கிறது. தோலின் ஓசை வேதத்தில் இருந்தும் நமக்குக் கேளாமற்போயிற்று. மதுரை, தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையில் வழிபாட்டையே அமைத்துத் தந்து அச்செவியைத் திறக்க முயன்றார். ஆயினும், கலைவிழா மாலையில் பறைக்குக் கைதட்டிவிட்டு, ஞாயிறு காலையில் அதனை வெளியே நிறுத்தும் வழக்கம் நம் சபைகள் பலவற்றிலும் இன்னும் நீங்கவில்லை. மாலையில் கலையாக இருந்தது காலையில் எங்ஙனம் கலையல்லாமற்போகும்? இதற்கு விடை சொல்லவேண்டியது பறையன்று. கதவின் திறவுகோலை வைத்திருக்கும் நாமே.