யாருக்குப் போதும்?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் பஸ்ஸில் ஒரு நாள் என் பக்கத்தில் ஒரு பாங்கு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி முன் இருக்கையில் இருந்தாள். என் கையில் இருந்த இங்கிலீஷ் நாவலைப் பார்த்துவிட்டு அவராகவே பேச ஆரம்பித்தார். அதிகாரியாகப் பதவி உயர்வு தருகிறோம், சம்மதமா என்று கேட்டு மேலிடத்திலிருந்து தாள் வந்திருக்கிறது. ‘வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். உயர்வு என்றால் மாற்றல். மாற்றல் என்றால் எந்த மாநிலம் என்று யார் கண்டது?

“சொந்த வீடு இருக்கு சார். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துடுறேன். இது போதும் சார்” என்றார்.

முன் இருக்கையிலிருந்து, தலையைத் திருப்பாமலே, அவர் மனைவி சொன்னாள்: “இவுகளுக்குப் போதும். எனக்குப் போதுமான்னு யாரு கேட்டா?”

அவர் சிரித்துச் சமாளித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த நாவலில் முந்நூறு பக்கத்துக்கு மேல் படித்தும் பிடிபடாமல் இருந்த குறை என்ன என்று அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டதாகத் தோன்றியது.

அந்த நாவல், சாமர்செட் மாம் எழுதிய ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’. 1944ஆம் ஆண்டு வெளிவந்தது. அதைத் திருச்சுழிக்கு எடுத்துப் போனதற்குக் காரணம் உண்டு. மாம் 1938ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்கு வந்தார். திருவண்ணாமலைக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்தார். அவர் படுத்திருந்த அறைக்கு ரமண மகரிஷியே வந்து சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்தச் சந்திப்பைப் பற்றி மாம் பின்னால் ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறார். நாவலில் வரும் ஸ்ரீ கணேசா என்ற குருவுக்கு மூலம் ரமணர்தான் என்பது பலருக்கும் தெரிந்த விஷயம். ஆசிரியர் தம் கதையில் ஆசிரமத்தைத் திருவாங்கூருக்கு மாற்றிவிட்டார், அவ்வளவுதான். அந்த ரமணர் வெங்கடராமனாக 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி பிறந்த ஊர் திருச்சுழி. ஊற்று பிறந்த இடத்தில் உட்கார்ந்து ஆற்றைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படிக்கலாமே என்று ஓர் ஆசை.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். லாரி என்ற அமெரிக்க இளைஞன் முதல் உலக யுத்தத்தில் விமானம் ஓட்டியவன். அவனைக் காப்பாற்றப் போய் அவனுடைய நண்பன் செத்துப்போகிறான். ஊர் திரும்பிய லாரிக்குச் சிகாகோவில் நல்ல உத்தியோகம் காத்திருக்கிறது. இஸபெல் என்ற அழகான பெண்ணும் காத்திருக்கிறாள். அவன் உத்தியோகம் வேண்டாம் என்கிறான். பாரிஸுக்குப் போய்ப் படிக்கிறான். எளிமையாக வாழலாம், என்னோடு வந்துவிடு என்று இஸபெலைக் கூப்பிடுகிறான். அவள் மறுத்துவிட்டுப் பணக்காரனான கிரேயைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். லாரி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்கிறான், பண்ணையில் வேலை செய்கிறான், கடைசியில் இந்தியாவுக்கு வந்து குருவைக் கண்டு அமைதி பெறுகிறான்.

போட்டியும் ஓட்டமும் நிறைந்த உலகத்துக்குப் போதும் என்ற மனத்தைப் போதிக்கும் நாவல் என்று இதைப் பலரும் புகழ்ந்திருக்கிறார்கள். நானும் கல்லூரி நாட்களில் அப்படித்தான் புகழ்ந்தேன். இப்போது படித்தபோது, அந்த வயதில் கவனிக்காமல் தாண்டிப் போன ஒரு தொகை கண்ணில் பட்டது. லாரிக்கு வருஷத்துக்கு 3000 டாலர் வருமானம் இருக்கிறது. உழைத்து வருவதல்ல, வைத்த பணத்திலிருந்து வருவது. அந்தக் காலத்துப் பாரிஸில் ஒரு தனி மனிதன் சிக்கனமாக இருந்தால் கவலையில்லாமல் காலம் தள்ளலாம். அந்தப் பணத்தில் நாம் இருவரும் வாழ முடியாது என்று இஸபெல் சொல்லும்போது, அவளைப் பட்டுக்கும் வைரத்துக்கும் ஆசைப்படும் பெண்ணாகவே வாசகன் பார்க்கிறான். ஆசிரியரும் அதைத் தடுப்பதில்லை. ஆனால் அவள் கேட்பது நியாயமான கேள்வி. ஒருவன் ‘போதும்’ என்று முடிவு கட்டும்போது, இன்னொருத்தியின் வாழ்க்கைக்கும் சேர்த்தல்லவா முடிவு கட்டுகிறான்?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கதையின் முடிவில் லாரி அந்தப் பணத்தையும் உதறிவிடுகிறான். அமெரிக்கா போய் டாக்ஸி ஓட்டிப் பிழைப்பேன் என்கிறான். அது பெரிய காரியம்தான். ஆனால் அப்போதும் அவனுக்கு வீடு இல்லை, தாய் இல்லை, பிள்ளை இல்லை, கடன்காரன் இல்லை. அவனுடைய ‘போதும்’ யார் தலையிலும் விடியாது.

இதனால்தானோ என்னவோ, நாவலில் லாரி நிழல்போல இருக்கிறான். அதே நாவலில் எலியட் என்று ஒரு கிழவர் வருகிறார். பிரபுக்களோடு பழகுவதையே வாழ்வின் லட்சியமாகக் கொண்டவர். மரணப் படுக்கையில் கிடந்துகொண்டு, ஓர் இளவரசி தரும் விருந்துக்குத் தமக்கு அழைப்பு வரவில்லையே என்று மனம் குமுறுகிறார். சிரிக்கவும் வைக்கிறார், தொண்டையை அடைக்கவும் வைக்கிறார். மாம் உயிரைக் கொடுத்துப் படைத்தது அவரைத்தான். ஆசைப்படுகிறவனைச் சுற்றி நாலு பேர் இருந்தே தீர வேண்டும்; அதனால் கதை தானாக வந்துவிடுகிறது. லாரியைச் சுற்றி யாரும் இல்லை. இருந்த ஒருத்தியையும் ஆசிரியர் முதலிலேயே கழற்றிவிட்டார்.

இனி திருச்சுழிக் கதைக்கு வருகிறேன். இது கதையல்ல, நடந்தது.

அந்தச் சீமை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இது விளங்கும். குண்டாற்றில் மணல் தெரியும் நாட்களே அதிகம். கண்மாய் நிறைந்தால் அந்த ஆண்டு திருவிழா. மழையைப் பார்த்து ‘போதும்’ என்று சொல்லிப் பழகாத பூமி அது. பிள்ளைகள் படித்து வெளியே போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்பது அங்கே பேராசை அல்ல, கணக்கு. வெங்கடராமனின் தகப்பனார் சுந்தரம் ஐயர் அந்தக் கணக்குத் தெரிந்தவர். பன்னிரண்டு வயதில் கிராமக் கணக்கரிடம் மாதம் 2 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்து வேலைக்குச் சேர்ந்தார். பிறகு மனு எழுதிக் கொடுத்தார். பிறகு, பரீட்சை கொடுத்துப் பட்டம் பெறாமலே, கோர்ட்டில் வக்கீலாக வாதாடும் நிலைக்கு உயர்ந்தார். அவர் 2 ரூபாயே போதும் என்று இருந்திருந்தால் அவர் பிள்ளைகள் இங்கிலீஷ் படித்திருக்கப் போவதில்லை. எலியட்டின் ஆசையையும் சுந்தரம் ஐயரின் ஆசையையும் ஒரே தராசில் நிறுப்பது அறியாமை.

1892ஆம் ஆண்டு அவர் காலமானார். குடும்பம் பிரிந்தது. தாய் அழகம்மாள் சின்னக் குழந்தைகளோடு மானாமதுரைக்குப் போனார். மூத்தவன் நாகசாமியும் வெங்கடராமனும் மதுரையில் சித்தப்பா வீட்டில் இருந்து படித்தார்கள். 1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி. இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதி வரச் சொல்லியிருந்தார் உபாத்தியாயர். வெங்கடராமன் இரண்டு தடவை எழுதினான். பிறகு காகிதத்தைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். இப்படி இருப்பவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்று அண்ணன் சுள்ளென்று கேட்டான். நியாயந்தானே என்று தம்பிக்குப் பட்டது. பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லி எழுந்தான். அப்படியானால் பெட்டியிலிருந்து 5 ரூபாய் எடுத்துப் போய் என் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடு என்றான் அண்ணன். தம்பி 3 ரூபாயை எடுத்துக்கொண்டான். மீதி 2 ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்தான். அண்ணனுடைய சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்று அந்தக் கடிதத்திலேயே எழுதிவிட்டுப் போனான். திண்டிவனத்துக்கு ரயில் கட்டணம் 2 ரூபாய் 13 அணா.

இந்த இரண்டு ரூபாயைப் பற்றி நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். உலகத்தையே உதறப் போகிறவன், அடுத்தவன் பணம் இது என்று எண்ணி வைத்துவிட்டுப் போகிறான். அதே சமயம், எடுத்துப்போன மூன்று ரூபாயும் அடுத்தவன் பணம்தான் என்பதையும் மறைக்கவில்லை. லாரியின் கதையில் இப்படி ஓர் இடம் கிடையாது. அவன் யாருடைய பெட்டியையும் திறக்க வேண்டியிருக்கவில்லை.

மிச்சத்தையும் சொல்ல வேண்டும். 1898ஆம் ஆண்டு தாயும் அண்ணனும் திருவண்ணாமலைக்கு வந்து, வீட்டுக்கு வா என்று மன்றாடினார்கள். தாய் அழுதார். பிள்ளை வாய் திறக்கவில்லை. வர முடியாது என்பதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினான். 1900ஆம் ஆண்டு நாகசாமி இறந்துபோனான். கடைசியில் 1916ஆம் ஆண்டு தாயே அங்கு போய்த் தங்கினார். மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கினார். 1922ஆம் ஆண்டு மகன் பக்கத்திலேயே உயிர் நீத்தார். துறவிக்கும் கணக்கு முடிய இருபத்தாறு ஆண்டுகள் ஆயின.

ரமணரைக் குறை கூற நான் யார்? நான் சொல்ல வருவது வேறு. நம்மில் பலர் துறவையும் போதும் என்ற மனத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். பதவி உயர்வை மறுத்த குமாஸ்தாவுக்கு நாவலைப் படித்தவுடன் தாமும் ஒரு லாரி என்று தோன்றிவிடுகிறது. ஆனால் லாரியும் வெங்கடராமனும் எதிலும் திருப்தி அடைந்து உட்கார்ந்தவர்கள் அல்ல. அவர்களுக்கு இருந்தது, சிகாகோ முதலாளியின் ஆசையைவிடப் பெரிய ஆசை. அதற்கு முன் உத்தியோகம் சின்னதாகிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு திரும்பிக் காப்பி குடிப்பதற்காக அவர்கள் எதையும் விடவில்லை. அதனால், எளிய வாழ்க்கையின் நிறைவைப் பற்றிய நாவலாக ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ நிற்காது. எல்லாரும் அவரவர் விரும்பியதைப் பெற்றுவிட்டார்கள், ஆகவே இது வெற்றிக் கதைதான் என்று மாம் கடைசியில் சொல்கிறார். விளையாட்டாகச் சொன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டார்.

உண்மையான நிறைவுக்கு, வீட்டை விட்டுப் போகாதவனிடம்தான் போக வேண்டும். நம் தமிழில் அதற்கு ஓர் அடையாளம் உண்டு. வெங்கடராமன் மதுரையில் படித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ‘விவேக சிந்தாமணி’ என்ற பத்திரிகையில் ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அதே மதுரைச் சீமைக் கதை. அதிலும் முத்துஸ்வாமி ஐயர் எல்லாவற்றையும் இழக்கிறார்; குருவைத் தேடிப் போகிறார்; ஞானம் பெறுகிறார். ஆனால் ராஜமையர் கமலாம்பாளைக் கழற்றிவிடவில்லை. கணவனின் அமைதியில் அவளுக்கும் இடம் உண்டு. கட்டுக்கோப்பில் மாம் நாவலுக்குப் பல படி கீழேதான் அது. பின்பாதியில் தத்துவம் கதையை அமுக்கிவிடுகிறது. ஆயினும் புத்தகத்தின் பெயர் முத்துஸ்வாமி ஐயர் சரித்திரம் அல்ல என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நாகசாமியின் சரித்திரத்தை யாராவது எழுதியிருக்கிறார்களா? கல்லூரிச் சம்பளம் கட்டாமல் நின்ற அந்த அண்ணனைப் பற்றி? எழுதினால், ஆசைக்கும் நிறைவுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட மனிதனின் கதை நமக்குக் கிடைக்கும். நம்மில் பெரும்பாலோர் அந்த அண்ணன் ஜாதிதான்.

பஸ் திருச்சுழிக்குள் நுழைந்தது. கோயில் கோபுரம் தெரிந்தது. எல்லாரும் எழுந்தார்கள். குமாஸ்தா பையை எடுத்துக்கொண்டே, முன் இருக்கையின் மேல் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: “சரி, இப்பக் கேக்குறேன். உனக்குப் போதுமா?”

அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை.

“பிள்ளை பன்னெண்டாவது முடிக்கட்டும். அதுவரைக்கும் போதும். அப்புறம் திருப்பிக் கேளுங்க.”

தாம் ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் ஆயுள் முழுதுக்கும் தீர்ந்தது என்று அவர் நினைத்திருப்பார். அப்படியல்ல, வருஷா வருஷம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. சாமர்செட் மாம் அந்த பஸ்ஸில் வந்திருந்தால் இஸபெலுக்கு இன்னும் இரண்டு அத்தியாயங்கள் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.