ஏழு வசந்தங்கள்

எங்கள் அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடிக்குப் புதிதாக ஒரு ஜோடி குடிவந்திருக்கிறது. இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமாகி எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பைக் கிளம்பிவிடும். ஒரு வாரம் மகாபலிபுரம், ஒரு வாரம் ஏலகிரி. செவ்வாய்க்கிழமை மட்டும் அந்தப் பெண் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு போடுவாள். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்பான்.

'நல்ல லவ் ஸ்டோரி ஒண்ணு சொல்லுங்க அங்கிள்' என்று கேட்டார்கள். எனக்கு நாக்கில் சனி. ஒரு படத்தின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். 'ஒரு மணி நேரமா புல்லு வெட்டறாங்க அங்கிள். நான் தூங்கிட்டேன்' என்றான் அவன். அவள் கடைசிவரை பார்த்திருந்தாள். 'எனக்கு அந்த ஆள் மேல கோபம்தான் வந்தது. மூணு பொம்பளைப் பிள்ளைங்க. ஒரே ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு வீட்டுக்கு வந்திருக்கக் கூடாதா?'

இரண்டுமே நியாயமான விமரிசனம். பெரிய பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினவர்கள்கூட இந்த இரண்டைத் தாண்டி அதிகம் சொல்லிவிடவில்லை. லிஃப்டில் பதில் சொல்ல நேரமில்லை. அதனால் இங்கே.

படம் 'எ ஹிட்டன் லைஃப்', 2019. டைரக்டர் டெரன்ஸ் மாலிக். 1978-ல் ஒரு படம் எடுத்துவிட்டு, அடுத்ததற்கு இருபது வருஷம் எடுத்துக்கொண்ட மனிதர். இந்தப் படம் 174 நிமிடம். நீளம் நம் ஊர்ப் படத்தின் நீளம்தான். பாட்டு, ஃபைட், காமெடி டிராக் மட்டும் கிடையாது.

கதை நிஜம். ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டேட்டர் ஆஸ்திரியாவில் செயின்ட் ராடெகுண்ட் என்ற சின்ன கிராமத்து விவசாயி. 1907-ல் பிறந்தவர். வாலிபத்தில் கொஞ்சம் முரடர். ஊரிலேயே முதன்முதலில் மோட்டார் சைக்கிள் வாங்கின ஆள். பக்கத்து ஊர் ஃப்ரான்சிஸ்காவை (வீட்டில் ஃபானி) 1936 ஏப்ரல் 9, பெரிய வியாழனன்று விடியற்காலையில் கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளைக்கு 28, பெண்ணுக்கு 23. தேன்நிலவுக்கு ரோமாபுரி. கிராமத்து விவசாயிகளுக்கு அந்தக் காலத்தில் இது ஆச்சரியமான விஷயம். திரும்பி வந்து மாடு, வயல், ஜெபம், பைபிள் வாசிப்பு. வரிசையாக மூன்று பெண் குழந்தைகள்.

இரண்டாவது கல்யாண நாளுக்கு மறுநாள், 1938 ஏப்ரல் 10. ஹிட்லரின் ஜெர்மனியோடு ஆஸ்திரியா சேர்ந்தது சரியா என்று ஓட்டெடுப்பு. ஊரில் 'இல்லை' என்று போட்டது ஃப்ரான்ஸ் மட்டும். அந்த ஓட்டை அப்படியே அமுக்கிவிட்டு, ஊரே ஒருமனதாக ஆதரவு என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்பிவிட்டார்கள்.

1940-ல் ராணுவத்துக்குக் கூப்பிட்டார்கள். போனார். பயிற்சி முடிந்து 1941 ஏப்ரலில் வீடு திரும்பும்போது, இந்த யுத்தம் அநியாயம், இனி இதில் பங்கு கிடையாது என்ற முடிவோடு திரும்பினார். 1943 பிப்ரவரியில் மறுபடி ஓலை. மார்ச் 1-ம் தேதி முகாமுக்குப் போய், சண்டை போட மாட்டேன் என்று சொன்னார். மருத்துவ உதவியாளாக வேண்டுமானால் வருகிறேன் என்றதை ராணுவ கோர்ட் ஏற்கவில்லை. ஜூலை 6 மரண தண்டனை. ஆகஸ்ட் 9, பிராண்டன்பர்க் சிறையில் தலை வெட்டப்பட்டது. வயது 36.

இதைச் செய்தி மாதிரி நாலு பாராவில் சொல்லிவிட்டேன். மாலிக்குக்கு மட்டும் ஏன் மூன்று மணி நேரம்?

அங்கேதான் புல் வெட்டுவது வருகிறது. படத்தில் புருஷனும் பெண்டாட்டியும் வரிசையாக அரிவாள் வீசிப் புல் அறுக்கிறார்கள். வெயிலில் மல்லாந்து படுக்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு குழந்தைகளோடு விளையாடுகிறார்கள். முதல் முதல் சந்தித்த நாளையும் அந்த மோட்டார் சைக்கிளையும் நினைத்துப் பார்க்கிறார்கள். பெரிய வசனம் எதுவும் கிடையாது. மூன்றாவது மாடி ஜோடி ஏலகிரியில் செய்கிற அதே காரியங்கள்தான்.

அது இல்லாவிட்டால் படம் இல்லை. தியாகிகளைப் பற்றிய நம் படங்களில் ஹீரோ முதல் ரீலிலிருந்தே தூக்குமேடையைப் பார்த்தபடி நடப்பார். அவர் வீட்டில் என்ன சமைத்தார்கள், பெண்டாட்டி எப்படிச் சிரிப்பாள் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. அதனால் அவர் சாகும்போது கைதட்டிவிட்டு வந்துவிடுகிறோம். ஒரு பொருளை விட்டுக் கொடுத்தான் என்றால், அந்தப் பொருள் என்ன விலை என்று தெரிய வேண்டாமா? மாலிக் ஒரு மணி நேரம் அந்த விலையைத்தான் சொல்கிறார். பிற்பாதியில் சிறைச்சுவரைக் காட்டும்போது நமக்கு அந்தப் புல் ஞாபகம் வருகிறது. தூங்கிப்போனவர்களுக்கு வராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1936 ஏப்ரல் முதல் 1943 மார்ச் வரை. சேர்ந்து இருந்தது மொத்தம் ஏழு வசந்தம். அதில் ஒன்றில் பாதி ராணுவ முகாமில் போயிற்று. ஏழாவது கல்யாண நாளன்று அவர் லின்ஸ் ஊர்ச் சிறையில் இருந்தார். அன்றைக்கு மனைவிக்கு எழுதின கடிதத்தில், அந்த ஏழு வருஷத்து சந்தோஷம் பல சமயம் அற்புதத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்கிற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார். படத்தில் நாம் பார்க்கிற வெயில் அந்தக் கடிதத்தின் வெயில்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரே ஒரு கையெழுத்து.

அந்தப் பெண் புதிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. ஃப்ரான்ஸின் அம்மா, பங்குச் சாமியார், பிஷப், வக்கீல், எல்லாரும் கேட்டது அதுதான். குடும்பத்தை நினைத்துப் பார் என்றார்கள். அவர் நினைக்காமல் இல்லை. குடும்பம் இருக்கிறது என்பதற்காகப் பாவம் செய்ய யாரும் அனுமதிச் சீட்டு தரவில்லை என்பது அவர் கட்சி. உனக்காகப் பொய் சொன்னேன், உனக்காக லஞ்சம் வாங்கினேன் என்று பிள்ளைகள் தலையில் பழியைப் போடுகிற நமக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

என்னைக் கேட்டால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். பேனா யாருடையது என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் அதற்காக, போடாதவனைப் பார்த்துக் கோபப்பட எனக்கு உரிமை வந்துவிடாது.

நம்மூரில் அரிச்சந்திரன் இருக்கிறான். சத்தியத்துக்காகப் பெண்டாட்டி பிள்ளையை விற்றான். விடிய விடியக் கூத்துப் பார்த்து அழுகிறோம். சந்திரமதியிடம் ஒரு வார்த்தை, 'உனக்குச் சம்மதமா?' என்று யாராவது கேட்டார்களா? இந்தப் படத்தின் பெரிய விஷயம், அந்தக் கேள்வி இங்கே கேட்கப்படுகிறது என்பதுதான். பாதிப் படம் ஃபானியுடையது. அவர் போன பிறகு ஊர் முகம் திருப்பிக்கொள்கிறது. உதவிக்கு ஆள் வர மறுக்கிறது. மாமியார், என் பிள்ளை உன்னைக் கட்டினதுக்கு அப்புறம்தான் இப்படி ஆனான் என்கிறாள். அவளும் அக்காவும் மண்ணோடு மல்லுக்கட்டுகிறார்கள். வலேரி பாக்னர் என்ற நடிகை அழுது நடிக்கவில்லை. களைத்து நடிக்கிறார். அது ரொம்பக் கஷ்டம்.

நிஜ ஃபானியும் முதலில் அவர் மனத்தை மாற்றப் பார்த்தவர்தான். எல்லாரும் சேர்ந்து எதிர்த்தபோது, நானும் எதிர்த்தால் அவருக்கு யாருமே இல்லை என்று அவர் பக்கம் போய் நின்றுகொண்டார். படத்தின் கடைசிச் சிறைச் சந்திப்பு அதைத்தான் காட்டுகிறது. கொள்கைப் பிரசங்கம் இல்லை. உனக்குச் சரி என்று பட்டதைச் செய் என்கிற ஒரு சம்மதம். மூன்று மணி நேரத்தில் நான் மூக்கைச் சிந்தின இடம் அது.

இன்னொரு காட்சி. தீர்ப்புக்கு முன் நீதிபதி ஃப்ரான்ஸைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார். அவர் வெளியே போனதும், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் நீதிபதி உட்கார்ந்து பார்க்கிறார். நடித்தவர் புரூனோ கான்ஸ். 2004-ல் 'டவுன்ஃபால்' படத்தில் ஹிட்லராகவே வந்தவர். இந்தப் படம் வெளிவருவதற்கு முன், 2019 பிப்ரவரியில் இறந்துபோனார்.

என் புகார்களையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று, மலை. திரும்பின பக்கமெல்லாம் வானத்தை முட்டும் சிகரங்கள். எடுத்தது பெரும்பாலும் இத்தாலியின் தெற்கு டிரோல் பகுதியில். நிஜ ராடெகுண்ட் சால்சாக் ஆற்றோரத்தில், சின்னச் சின்ன மேடும் வயலுமாக இருக்கிற சாதாரண ஊர். ஹிட்லர் பிறந்த பிரௌனாவ் அதே மாவட்டம். அந்தச் சாதாரண மண்ணிலிருந்துதான் இரண்டு பேரும் வந்தார்கள் என்பது எந்தச் சிகரத்தையும்விடப் பெரிய ஆச்சரியம் இல்லையா? மாலிக் அதை விட்டுவிட்டு நம்மை ஏதேன் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறார்.

இரண்டு, ஃப்ரான்ஸுக்குக் கல்யாணத்துக்கு முன்பே வேறொரு பெண்ணிடம் ஒரு மகள் உண்டு. 1933-ல் பிறந்தவள். படத்தில் அவள் இல்லை. தப்புச் செய்து, திருந்தி, ஒரு நல்ல பெண்ணின் கையைப் பிடித்துக் கரையேறின மனிதனை, பிறக்கும்போதே ஒளிவட்டத்தோடு பிறந்தவனாக ஆக்கியிருக்கிறார்கள். நம்மால் முடியாதப்பா என்று நாம் தப்பித்துக்கொள்ள இது வசதி.

மூன்று, பாஷை. நல்லவர்கள் இங்கிலீஷில் முணுமுணுக்கிறார்கள். கெட்டவர்கள் ஜெர்மனில் கத்துகிறார்கள், அதுவும் சப்டைட்டில் இல்லாமல். ஃப்ரான்ஸும் ஃபானியும் ஜெபம் செய்ததும் கொஞ்சியதும் அதே ஜெர்மனில்தானே?

இத்தனை குறைகளோடும் சொல்கிறேன், பாருங்கள். ஆனால் படம் முடிகிற இடத்தில் கதை முடியவில்லை. விதவைக்கான பென்ஷன் ஃபானிக்கு 1950 வரை மறுக்கப்பட்டது. 1946-ல் ஃப்ரான்ஸ் பற்றிய கட்டுரையை மறைமாவட்டப் பத்திரிகையில் போட அப்போதைய பிஷப் விடவில்லை. போருக்குப் போய்ச் செத்தவர்களின் குடும்பங்களுக்கு நடுவில், போக மறுத்துச் செத்தவனின் மனைவியாக அவர் வாழ்ந்தார். சர்ச்சில் புருஷன் பார்த்த கோயில்பிள்ளை வேலையையும் எடுத்துப் பார்த்தார். கார்டன் ஸான் என்ற அமெரிக்க சமூகவியல் ஆய்வாளர் 1964-ல் புத்தகம் எழுதின பிறகே உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. 1997-ல் பெர்லின் கோர்ட் பழைய தீர்ப்பை ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26-ல் லின்ஸ் பேராலயத்தில் ஃப்ரான்ஸுக்கு அருளாளர் பட்டம். 94 வயது ஃபானி அங்கே இருந்தார். 2013 மார்ச்சில், நூறு வயது முடிந்து சில நாளில் இறந்தார்.

ஏழு வசந்தம் சேர்ந்து. எழுபது வசந்தம் தனியாக. யார் தியாகி என்று நீங்களே சொல்லுங்கள்.

நேற்று மறுபடி லிஃப்ட். இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'நான் இவர்கிட்ட அன்னிக்கே கேட்டேன் அங்கிள். இந்த மாதிரி ஒண்ணு வந்தா முதல்ல என்கிட்ட சொல்லுவியான்னு' என்றாள்.

'என்ன சொன்னார்?'

'எந்த மாதிரின்னார். அந்த இடத்துலதான் தூங்கிட்டாரே!'