வெள்ளியங்கிரி மூங்கில் தடி

வெள்ளியங்கிரி மலையின் பூண்டி அடிவாரக் கடைகளில் அடுக்கியிருக்கும் மூங்கில் தடியை வாங்கும்போது யாரும் பெரிதாக மதிப்பதில்லை. முதல் மலையின் படிகளில் நண்பர்கள் அதைச் சுழற்றிக்கொண்டே ஏறுவார்கள். ஆனால் வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளிலும் வானிலை ஒரே மாதிரி இருக்காது. கீழே வியர்த்துக் கொட்டும். மேலே பல் கிட்டும். திடீரென மூடுபனி இறங்கி மழையும் பிடித்துக்கொண்டால், ஈரப்பாறையில் தடிதான் மூன்றாவது கால். கணுவுக்குச் சற்று மேலே பிடித்தால் ஈரக் கையும் வழுக்கி இறங்காது. முன்னால் ஊன்றிப் பார்த்தால் கல் ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். ஏறும்போது மூச்சுக்குத் துணை, இறங்கும்போது முழங்காலுக்கு. பின்தங்கியவனை மேட்டில் இழுத்துவிடவும் அதன் மறுமுனையைத்தான் நீட்டுகிறோம். விலையுயர்ந்த அலுமினியக் கோல் இதைவிட என்ன செய்துவிடப் போகிறது?