மலையேற்றத்தில் ஒரு முள்

கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசனோவர் சுரங்கத்தை நோக்கி ஏறும்போது, 11,000 அடிக்கு மேல் காற்று மெலிந்துவிடுகிறது. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று ஒரு குடித்தனத்தையே சுமக்கும் மோட்டார்ஹோமின் டீசல் இன்ஜின் அங்கேதான் படாத பாடு படுகிறது. டேஷ்போர்டு அதைச் சொல்வதில்லை. பல வண்டிகளில் வெப்பநிலை முள், சூடு ஓரளவு ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது நகரும்போது காரியம் கைமீறியிருக்கும்.

தனியாக வாங்கிப் பொருத்தும், இன்ஜின் புகையின் சூட்டைக் காட்டும் பைரோமீட்டரை நான் விரும்புவது இதனால்தான். டர்போவுக்கு முன்னால், புகை வெளியேறும் பாதையில் துளையிட்டு, பென்சிலைவிட மெல்லிய முனையொன்றைச் செருகுகிறார்கள். உள்ளே இரு வேறு உலோகக் கம்பிகள் நுனியில் சேர்ந்திருக்கும். சூடு பட்டால் சில மில்லிவோல்ட் மின்னழுத்தம் பிறக்கும்; 1821-இல் இயற்பியலாளர் சீபெக் கண்ட விளைவு அது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் முள் எழுகிறது. கூலன்ட் சூடேறுவதற்கு வெகுமுன்பே. 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கினால் காலைத் தளர்த்தி ஒரு கியர் இறக்குவார்கள். முள் தணியத் தொடங்கும். என்ன அழகான உரையாடல்!

பெட்ரோல் வண்டிக்கு இது வேண்டாம், கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டைக் காட்டும் கருவி போதும். வண்டியின் கணினித் தகவலைத் தரும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் டிஜிட்டல் திரை இன்னும் சுலபம்தான். ஆனாலும் எண்ணை வாசிக்க வேண்டும். முள்ளின் சாய்வு ஓரக்கண்ணுக்கே தெரியும். முன்கண்ணாடி ஓரத் தூணில் கருவியைப் பொருத்தும் கூடுகள் கிடைக்கின்றன. என் தேர்வு அந்த இடம்தான்.